நடமாடும் வீடும் நாமே பார்க்கும் பழுதும்

இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. (வேதியியல்)

கல்லூரியில் சேர வந்த அன்று என் கையில் தந்த படிவத்தில் ‘தந்தையின் தொழில்’ என்றொரு கட்டம் இருந்தது. அதில் என்ன எழுதுவது என்று பேனாவைப் பிடித்தபடி சற்று நேரம் நின்றேன். ‘ஓட்டுநர்’ என்று எழுதினால் பாதி உண்மை; ‘கேரவன் உரிமையாளர்’ என்று எழுதினால் மீதிப் பாதி உண்மை. இரண்டாவதையே எழுதினேன். வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற மாணவர் எட்டிப் பார்த்துவிட்டு, "கேரவனா? அப்புறம் நீ எதுக்குப்பா எங்களோட இந்த வரிசையில நிக்கிற?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

அவர்மீது குற்றமில்லை. கேரவன் என்றதும் குளிர்பதனப் பெட்டியும், ஆளுயரக் கண்ணாடியும், அதன் முன் அமர்ந்திருக்கும் நட்சத்திரமுமே எவர் கண்ணுக்கும் தெரிகின்றன. அந்த வண்டிக்காக அடகுக்கடைக்குப் போன என் அம்மாவின் வளையல்கள் தெரிவதில்லை. வண்டியின் அடியில் சாக்கை விரித்துப் படுத்திருக்கும் என் அப்பாவின் கால்களும் தெரிவதில்லை. அந்தக் கால்களின் பக்கத்தில் டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து நான் கற்ற சில பாடங்களை நண்பர்களோடும் பேராசிரியப் பெருமக்களோடும் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

பாரசீக மொழியில் இச்சொல் பாலை வழியே கூட்டமாகச் செல்லும் பயணிகளையும் வணிகரையும் குறித்தது. நம் பழந்தமிழில் அத்தகைய வணிகக் கூட்டத்திற்குச் ‘சாத்து’ என்று பெயர். கூட்டத்தின் பெயர் நாளடைவில் வண்டியின் பெயராகிவிட்டது. மேல்நாடுகளில் குடும்பத்தோடு ஊர் சுற்றுவோர் இதனை வைத்திருக்கின்றனர். நம் பக்கத்தில் பெரும்பாலும் படப்பிடிப்புக்கே பயன்படுகிறது. கேரள அரசு 2021-இல் கேரவன் சுற்றுலாவையும் தொடங்கியது. வைத்திருப்பவர் யாராயினும் வண்டிக்கு வரும் நோய்கள் ஏறத்தாழ ஒன்றே, கைமருந்தும் ஒன்றே.

என் அப்பா எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். பிறருடைய கேரவனைப் பல ஆண்டுகள் ஓட்டினார். 2019-இல் நகைகளை அடகு வைத்தும் கடன் வாங்கியும் பழைய வண்டி ஒன்றைச் சொந்தமாக்கிக் கொண்டார். வாங்கிய சில மாதங்களில், 2020 மார்ச்சில், ஊரடங்கு வந்தது. படப்பிடிப்புகள் நின்றன. எங்கள் வீட்டருகே இருந்த காலி மனையில் வண்டியும் மாதக்கணக்கில் நின்றது. ஓடுகிற வண்டியை விட நிற்கிற வண்டிதான் விரைவில் கெடும் என்பதை அப்போது கண்டோம். கூரை ஒழுகியது, பேட்டரி செத்தது, எலி வயரைக் கடித்தது. பழுது பார்க்க மெக்கானிக் சொன்ன தொகையைக் கேட்டு அம்மா உள்ளே எழுந்து போய்விட்டார்கள்.

அன்று மாலை அப்பா என்னை அழைத்தார். "இதுவும் ஒரு மனுசன் கையால செஞ்சதுதானே தம்பி? நம்ம கையால பாத்துருவோம், வா" என்றார். அப்படித் தொடங்கியதுதான் என் பழுதுபார்ப்புக் கல்வி. 2023-இல் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பின் கடன் தவணைக்காக ஓராண்டு படிப்பை நிறுத்திவிட்டு அதே வண்டியில் உதவியாளாகப் போனேன். என் வகுப்பில் எல்லோரை விடவும் நான் ஒரு வயது மூத்தவனாக இருப்பதற்குக் காரணம் இதுவே.

இனிச் செய்திக்கு வருவோம்.

கூரை

முதற்பகை மழை. உள்ளே நீர் சொட்டும் இடம் வேறு, வெளியே நீர் நுழையும் இடம் வேறு என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். நாங்கள் இது தெரியாமல், சொட்டும் இடத்திற்கு நேர் மேலே சிலிக்கான் பசையைக் குழாய் குழாயாகப் பிழிந்தோம். அடுத்த மழையிலும் அதே இடத்தில் சொட்டியது. பிறகு அப்பா ஒரு வழி கண்டார். நான் உள்ளே டார்ச்சும் சாக்குக்கட்டியுமாக உட்கார்ந்தேன். அவர் ஏணியில் நின்று ஓஸ் பைப்பால் கீழ் இணைப்பிலிருந்து தொடங்கி மேல்நோக்கி, ஓர் இணைப்புக்கு ஐந்து நிமிடம் என்று நீர் விட்டார். மேலிருந்து தொடங்கினால் நீர் எல்லா இணைப்புகளின் மீதும் வழிந்து குழப்பிவிடும். குளிர்பதனப் பெட்டி பொருத்தியிருந்த மூலைக்கு அவர் வந்ததும், அங்கிருந்து நான்கடி தள்ளி உள்ளே ஒரு துளி எட்டிப் பார்த்தது. நான் கூவினேன். குற்றவாளி அகப்பட்டான்.

பழைய பசையின் மேல் புதுப் பசை நிற்காது. பழையதைச் சுரண்டி எடுத்து, இடத்தைத் துடைத்து நன்றாகக் காயவிட்ட பிறகே பூச வேண்டும். பூசியபின் ஒரு நாளாவது மழை படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சுவருக்குள் ஈரம் இருக்கிறதா என்று அறிய, என் அம்மா தேங்காயைத் தட்டிப் பார்ப்பது போல் பிளைவுட்டை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். நல்ல பலகை கணீரென்னும். ஊறிய பலகை பொத்தென்னும். புரட்டாசி பிறந்ததும் இச்சோதனையை முடித்துவிட்டால் ஐப்பசி மழையை அஞ்ச வேண்டியதில்லை.

தண்ணீர்

ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ எடை. 300 லிட்டர்த் தொட்டியை நிரப்பினால் 300 கிலோவை ஏற்றியதாகப் பொருள். தொட்டி பாதி நிறைந்திருக்கையில் வளைவுகளில் நீர் அலைபாய்ந்து வண்டியைத் தள்ளும். ஆகவே தொலைதூரம் போகையில் தொட்டியைக் காலியாக்கிவிட்டு, போய்ச் சேரும் ஊரில் நிரப்புவது எங்கள் வழக்கம்.

ஆழ்துளைக் கிணற்று நீரால் குழாய் வாயில் வெள்ளையாகப் படியும் உப்பிற்கு, கடையில் விற்கும் எலுமிச்சை உப்பே போதும். அதனை வெந்நீரில் கரைத்து, குழாய் முனையைக் கழற்றி ஊறப் போட்டால் நுரைத்துக்கொண்டு கரையும். சிட்ரிக் அமிலம் கால்சியம் கார்பனேட்டோடு வினைபுரிந்து கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றுவதே அந்த நுரை.

சில நாள் நின்ற வண்டியின் கழிவறையில் நாற்றம் அடித்தால் உடனே வாசனைத் திரவியம் வாங்க ஓடாதீர்கள். வடிகுழாயின் வளைவில் எப்போதும் சிறிது நீர் தேங்கி நிற்க வேண்டும். கீழிருந்து வரும் நாற்றத்திற்கு அந்த நீரே கதவு. அது உலர்ந்தாலோ, ஓட்டத்தில் சிந்திவிட்டாலோ கதவு திறந்துகொள்ளும். ஒரு குவளை நீர் ஊற்றினால் பெரும்பாலும் தீர்ந்தது.

இங்கே என் அறியாமை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். உதவியாளாக இருந்த ஆண்டில் ஒருநாள், கறை போகட்டும் என்று பிளீச்சிங் பவுடர் தூவிய கழிவறையில் அதன்மேலேயே ஆசிட்டையும் ஊற்றிவிட்டேன். மறுகணம் கண்கள் எரிந்தன, மூச்சு அடைத்தது. அப்பா சட்டைக் காலரைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டார். மாலை வரை இருமினேன். அது குளோரின் வாயு என்று பின்னர் உணர்ந்துகொண்டேன். முதல் உலகப்போரில், 1915-இல், ஆயுதமாக ஏவப்பட்ட அதே வாயு! பிளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் ஒருநாளும் ஒன்றுசேரக் கூடாது. இது கேரவனுக்கு மட்டுமன்று. நம் எல்லோர் வீட்டுக்கும் விடுதிக்கும் பொருந்தும்.

மின்சாரம்

பேட்டரியின் முனைகளில் பூக்கும் வெள்ளை, பச்சைப் பொடியைச் சோடா உப்புக் கரைசலும் பழைய பல் துலக்கியும் கொண்டு கழுவித் துடைத்து, மேலே வாசலின் தடவுங்கள். கழற்றும்போது எதிர்முனையை முதலில் கழற்றுங்கள்; மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள். இம்முறையை மாற்றினால் ஸ்பேனர் வண்டியின் இரும்பில் பட்டுத் தீப்பொறி தெறிக்கும். சார்ஜ் ஏறுகையில் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வெளிவருவதால் அருகில் பீடி, தீக்குச்சி ஆகா. 12 வோல்ட் பேட்டரி முழுதாகச் சார்ஜாகி ஓய்ந்திருக்கையில் மல்டிமீட்டர் 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்ட வேண்டும். 12-ஐ நெருங்கினால் பசியால் வாடுகிறது என்று பொருள். நிற்கும் வண்டியின் பேட்டரிக்கும் அவ்வப்போது சார்ஜ் ஏற்ற வேண்டும். ஊரடங்கில் நாங்கள் இழந்த பேட்டரி கற்றுத் தந்த பாடம் இது.

ஃபியூஸ் போனால் அதே ஆம்பியர் உள்ள ஃபியூஸைத்தான் போட வேண்டும். கம்பியைச் சுற்றிப் போடுவது காவல்காரனைத் துரத்திவிட்டுக் கதவைத் திறந்து வைப்பதற்கு ஒப்பாகும். படப்பிடிப்பு வீட்டிலிருந்து மின்சாரம் எடுக்கும் நீண்ட கேபிளைச் சுருளாக வைத்தபடியே குளிர்பதனப் பெட்டியை ஓட்டாதீர்கள். சுருளின் நடுவே உள்ள சூட்டிற்கு வெளியேற வழியில்லை, உறை உருகிவிடும். முழுவதும் அவிழ்த்துப் பரப்பிப் போடுங்கள்.

டயர்

காற்றழுத்தத்தைப் புறப்படுமுன், டயர் குளிர்ந்திருக்கும்போதே பார்க்க வேண்டும். ஓடிச் சூடான டயரில் அழுத்தம் கூடித் தெரியும். அதை நம்பிக் காற்றை இறக்குவது தவறு. மாற்று டயரையும் மறவாதீர்கள். கேரவன் டயர் தேய்வதை விட நின்றே மூப்படையும். டயரின் பக்கவாட்டில் உற்பத்தியைக் குறிக்கும் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. பழைய டயர் வாங்கப் போகும் என் நண்பர்கள் இதை நினைவில் வைத்தால் ஏமாற மாட்டார்கள்.

நிறுத்திய இடம் சமமாக உள்ளதா என்று பார்க்கக் கொத்தனாரின் ரசமட்டம் ஒன்று போதும். சரிவாயின் சக்கரத்திற்குக் கட்டை கொடுத்த பிறகே மற்ற வேலை. சக்கரம் மாற்றினால் நட்டுகளை வரிசையாக முறுக்காமல் எதிரெதிராக முறுக்குங்கள். சிறிது தூரம் ஓடியதும் மறுபடி ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.

இதுவரை சொன்ன யாவும் குளோரின் ஒன்று நீங்கலாக அப்பா எனக்குக் கற்றுத் தந்தவை. பெயர் தெரியாமல் அவர் செய்தவற்றுக்கு நான் கல்லூரியில் பெயர் கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான். இனிச் சொல்லப் போவது வேறு.

காற்று

வெளியூர்ப் படப்பிடிப்பில் விடுதி அறை எல்லோருக்கும் கிடைப்பதில்லை. ஓட்டுநரும் உதவியாளும் வண்டியிலேயே படுத்துக்கொள்வதுண்டு. புழுக்கத்திற்கு ஜெனரேட்டரை ஓடவிட்டு, குளிர்பதனப் பெட்டியைப் போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு உறங்குவார்கள். அப்பாவும் அப்படித்தான். நானும் அந்த ஓராண்டு அவர் பக்கத்தில் அப்படித்தான் உறங்கினேன்.

முதலாண்டு வகுப்பில் எங்கள் பேராசிரியர் கார்பன் மோனாக்சைடு பற்றிக் கூறினார். எரிபொருள் முழுமையாக எரியாதபோது உண்டாகும் வாயு, நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பற்றுவதைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் வலுவாக இதனைப் பற்றிக்கொள்ளும். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், சோர்வு, பிறகு நினைவிழப்பு. உறங்குபவர் எழாமலே போய்விடலாம். மற்றவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். என் பேனா நின்றுவிட்டது. காலையில் எழுந்ததும் அப்பா நெற்றிப் பொட்டைப் பிடித்துக்கொண்டு, "நேத்து வெயில் கொஞ்சம் ஜாஸ்தி" என்று சொல்லும் காட்சி கண்முன் வந்தது. அந்தத் தலைவலிக்குக் காரணம் வெயிலா வேறா என்று இன்று எவரும் உறுதி கூற இயலாது. ஆனால் அன்று வகுப்பு முடியும் வரை நான் ஒரு வரியும் எழுதவில்லை.

அன்றிரவே தொலைபேசியில் சொன்னேன். அப்பா சிரித்தார். "எத்தனை வருசமாப் படுத்துக் கிடக்கேன்! டீசல் புகை உள்ள வந்தா மூக்கு சொல்லாதா தம்பி?" என்றார். "அதுக்கு வாசனையே கிடையாதுப்பா. சமையல் கேஸுக்குக்கூட நம்ம கண்டுபிடிக்கணும்னுதான் நாத்தத்தைக் கலந்து விடுறாங்க. இதுல எதுவும் இல்ல" என்றேன். சிறிது நேரம் பேச்சில்லை. "சரி, நீ படி" என்று வைத்துவிட்டார். கையில் ஸ்பேனர் பிடித்த மனிதருக்குப் புத்தகம் பிடித்த பையன் சொல்வது எடுபடவில்லை. அவரை நான் குறை கூறேன். அதுவரை வண்டியைப் பற்றி நான் சொன்ன எதுவும் அவருக்குத் தெரியாததாக இருந்ததில்லையே!

2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், சாலையோரம் நின்றிருந்த ஒரு கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்த செய்தி வந்தது. ஜெனரேட்டரிலிருந்து வந்த கார்பன் மோனாக்சைடு வண்டிக்குள் புகுந்ததே காரணம் என்று ஆய்வில் தெரிய வந்தது. நான் விடுமுறையில் வீட்டில் இருந்தேன். தேநீர்க் கடையிலிருந்து வந்த அப்பா என்னிடம் ஒன்றும் பேசவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பிறகு, "அன்னைக்கு நீ என்னமோ சொன்னியே, அதை இன்னொருக்காச் சொல்லு" என்றார். சொன்னேன். இம்முறை அவர் குறுக்கே பேசவில்லை. "அந்த ஒரு வருசம் ஒன்னையும் இல்ல கூடப் படுக்கவச்சேன்" என்று மட்டும் சொன்னார்.

அன்றிரவே வேலையைத் தொடங்கினோம். வண்டிக்குள் பிரகாசமான விளக்கை ஏற்றி வைத்து, கதவைச் சாத்தி, இருட்டில் அடியில் படுத்துப் பார்த்தோம். நன்றாக மூடியிருக்கிறது என்று அப்பா நம்பியிருந்த தளத்தில் மூன்று இடங்களில் வெளிச்சம் கசிந்தது: கேபிள் நுழையும் துளை, தண்ணீர்க் குழாயின் ஓரம், பலகை இற்றிருந்த ஒரு மூலை. வெளிச்சம் வெளியே வரும் வழியாகப் புகை உள்ளே போகும். இற்ற பலகையை வெட்டி மாற்றினோம். துளைகளுக்குத் தகரம் அடித்து, விளிம்பெல்லாம் சூடு தாங்கும் பசை பூசினோம். சைலன்சர் இணைப்பில் கரி படிந்திருந்தது. அங்கே கசிகிறது என்பதற்கு அதுவே அடையாளம். அதனை மாற்றி, புகைக்குழாய் முனையைக் கதவுக்கும் சன்னலுக்கும் எதிர்ப்புறமாக நீட்டினோம். எனக்குக் கிடைத்த கல்வி உதவித்தொகையில் இவ்வாயுவைக் கண்டால் ஒலியெழுப்பும் சிறு கருவி ஒன்றை வாங்கி உள்ளே பொருத்தினேன்.

இவ்வளவு செய்தாலும் ஒரு விதி மாறாது: உள்ளே ஆள் உறங்கும்போது ஜெனரேட்டர் ஓடக் கூடாது. சன்னலைத் திறந்து, பேட்டரியில் ஓடும் சிறு மின்விசிறியைப் போட்டுக்கொள்ளுங்கள். புழுக்கத்தில் ஓரிரவு வியர்த்தால் குளித்துக்கொள்ளலாம். ஜெனரேட்டரை அடைத்த அறையிலோ, திறந்த சன்னலுக்கு அருகிலோ வைப்பதும் கூடாது. உள்ளே இருப்பவர்களுக்கு ஒரே நேரத்தில் தலைவலி வந்தால், மாத்திரை தேடாமல் முதலில் எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். உடனே மருத்துவ உதவியையும் நாட வேண்டும்.

இவற்றையெல்லாம் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதித் தரும்படி அப்பா கேட்டார். எழுதிக் கொடுத்தேன். ஓட்டுநர் இருக்கையின் பின்புறம் ஒட்டியிருக்கிறார். கூரையில் தொடங்கி டயர் வரை அவர் சொன்னவை பல வரிகள். நான் சொன்னது ஒரே வரி. அந்த வரியை அவர் தாளின் உச்சியில் எழுதச் சொன்னார். பொள்ளாச்சிப் பக்கம் படப்பிடிப்பு ஒன்றில் மற்ற வண்டி ஓட்டுநர்கள் அதைப் படித்துவிட்டு, கைபேசியில் படம் எடுத்துக்கொண்டார்களாம். "எம் பையன் எழுதுனது. காலேஜுல படிக்கிறான்" என்று சொன்னேன் என்று அப்பா என்னிடம் இரண்டு முறை கூறினார்.

அன்பிற்குரிய நண்பர்களே! நம்மில் பலர் நம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள். நம் பெற்றோரின் கைகளுக்குத் தெரிந்தது நம் ஏடுகளுக்குத் தெரியாது. நம் ஏட்டில் இருக்கும் ஒரு வரி அவர்களுக்குத் தெரியாததால் ஓர் உயிர் போகவும் கூடும். ஆகவே படித்ததை வீட்டிலும் சொல்லுங்கள். முதல் முறை சிரிப்பார்கள். இரண்டாம் முறையும் சொல்லுங்கள். இன்று மாலை வீட்டுக்குப் போனதும் பிளீச்சிங் பவுடர் டப்பாவும் ஆசிட் பாட்டிலும் ஒரே தட்டில் இருந்தால் பிரித்து வையுங்கள். ஜெனரேட்டர் இருந்தால் அது எங்கே புகைவிடுகிறது என்று பாருங்கள்.

படிவத்தில் என்னைச் சிரிக்க வைத்த அந்த மாணவர் இப்போது என் நெருங்கிய நண்பர். சென்ற மாதம் எங்கள் வண்டியைப் பார்க்க வந்தார். உள்ளே ஏறிக் கண்ணாடியைப் பார்ப்பார் என்று நினைத்தேன். அப்பா அவர் கையில் டார்ச் விளக்கைக் கொடுத்து, வண்டியின் அடியில் சாக்கை விரித்துவிட்டார்.